ரிக்கம்பண்ட் சைக்கிளுக்கு மாத்துச் சீட்: கொழும்பில எங்க எடுக்கலாம், எதை எடுக்கலாம்?

மரைன்டிரைவ்_காத்து

எல்லாருக்கும் வணக்கம். என்னட்ட ஒரு ரிக்கம்பண்ட் சைக்கிள் இருக்கு, கதிரையில சாய்ஞ்சு இருந்து காலை முன்னுக்கு நீட்டி மிதிக்கிற சைக்கிள். கொழும்பு 7ல வேலை செய்த ஒரு வெளிநாட்டுக்காரர் ஊருக்குத் திரும்பேக்க வித்திட்டுப் போனது. தாய்வான்ல செய்தது, முன் சில்லு 20 இஞ்சி, பின் சில்லு 26, பெடல் முன் சில்லுக்கும் முன்னால நிக்கும். ஸ்டிக்கர் எல்லாம் உரிஞ்சு போனதால எந்த மொடல் எண்டு கண்டுபிடிக்கேலாமல் இருக்கு.

பிரச்சினை சீட்தான். அலுமினியப் பைப்பில செய்த பிறேம், அதில நெட் துணி இழுத்துக் கட்டியிருக்கு. நெட் நல்லாத் தொய்ஞ்சிட்டுது, இருந்தா முதுகுக்குப் பின்னால இருக்கிற குறுக்குப் பைப் நாரியில முட்டுது. அதோட வலப்பக்கம், பின் சில்லில இருந்து சீட்டுக்கு வாற தாங்கி பூட்டுற இடத்தில, வெல்டிங்கை ஒட்டி ஒரு வெடிப்பு, நகத்தை விட்டா பிடிக்குது. ஆரம்பத்தில பெயின்ட் கீறல் எண்டுதான் பார்த்தன், இப்ப மிதிக்கேக்க டிக் டிக் எண்டு சத்தமும் வருது.

எனக்கு நாரி நோவு, சாதாரண சைக்கிள்ல அரை மணித்தியாலம் ஓடினா அடுத்த நாள் எழும்பேலாது. இந்தச் சைக்கிள் வந்தாப் பிறகுதான் வெள்ளவத்தையில இருந்து கோட்டைக்கு வேலைக்குச் சைக்கிள்லயே போய் வாறன், ஞாயிறுகளில மொரட்டுவைப் பக்கமும் போவன், சில நேரம் நீர்கொழும்பு வரைக்கும். அதால இதை எப்படியாவது ஓட வைக்கோணும்.

கேள்வி இதுதான். வெளிநாட்டில இருந்து முழுச் சீட்டா எடுப்பிக்கிறதோ, இல்லாட்டி இங்க ஆரையும் பிடிச்சுச் செய்விக்கிறதோ? நெட் சீட்டே நல்லமோ, இல்லாட்டி ஃபைபர் ஷெல் சீட்டுக்கு (துணியில்லாமல் ஃபைபரில முழுசாச் செய்த விறைப்பான சீட்) மாறுறதோ? புறக்கோட்டையில சைக்கிள் கடைகள்ல கேட்டன், ஜெல் சீட் எடுத்துக் காட்டுறாங்கள், அவங்களில பிழையில்லை, இப்படி ஒரு சைக்கிளையே கண்டிருக்க மாட்டாங்கள். என்ர உயரம் 5 அடி 8, நிறை 78 கிலோ. ஆராவது அனுபவமுள்ள ஆக்கள் சொல்லுங்கோ.


தெஹிவளை_லேத்

தம்பி, முதல் அலுவலா அந்தச் சைக்கிளை ஓடுறதை நிப்பாட்டுங்கோ. சத்தம் வருது எண்டா வெடிப்பு உள்ளுக்கு வேலை செய்யத் தொடங்கிட்டுது எண்டு அர்த்தம். சாதாரண சைக்கிள்ல பெடலை அமத்துறதுக்கு எங்கட உடம்பு நிறைதான் மேல இருந்து வேலை செய்யுது, சீட் சும்மா ஒரு தாங்கல். ரிக்கம்பண்ட்ல அப்படி இல்லை, கால் முன்னுக்குத் தள்ள முதுகு பின்னுக்குப் போகப் பார்க்கும், அந்தத் தள்ளல் முழுக்க சீட்டின்ர முதுகுப் பக்கத்திலயும் அந்த ரெண்டு தாங்கியிலயும்தான் போய் விழுது. தெஹிவளை ஃப்ளைஓவர் ஏறேக்க நீங்கள் குடுக்கிற பலம் எல்லாம் அந்த வெடிச்ச இடத்துக்குள்ளாலதான் போகுது. வாகனங்களுக்கு நடுவில அது கழண்டா நீங்கள் மல்லாக்கத்தான் விழுவீங்கள்.

மற்றது, புதுச் சீட் தேட முதல் சைக்கிளை அளவெடுங்கோ. இந்தச் சைக்கிள்களுக்கு ஸ்டாண்டர்ட் சீட் பூட்டு எண்டு ஒண்டு கிடையாது. சாதாரண சைக்கிளுக்கு எந்தச் சீட்டும் எந்தப் போஸ்ட்டிலயும் பூட்டலாம், ஏனெண்டா அது எல்லாக் கொம்பனியும் ஒத்துக்கொண்ட அமைப்பு. ரிக்கம்பண்டுக்கு அந்த வாய்ப்பு வரேல்ல. 1933ல பிரான்ஸ்ல ஃபிரான்சிஸ் ஃபோர் எண்டவர் ஷார்ல் மோஷே செய்த சாய்வுச் சைக்கிள்ல ஒரு மணித்தியாலத்தில 45.055 கிலோமீற்றர் ஓடி அப்ப இருந்த சாதனையைத் தாண்டினார். அடுத்த வருசம், 1934ல, சர்வதேசச் சைக்கிள் சங்கம் இந்த வகையைப் போட்டிகளில இருந்தே தூக்கிட்டுது. போட்டி இல்லையெண்டா பெரிய கொம்பனி எதுக்குச் செய்யும்? பிறகு சின்னச் சின்னப் பட்டறைகள் தங்கட தங்கட அளவில செய்து வந்ததுதான் இண்டைக்கும் இருக்கிறது. அதால ஜேர்மன்காரன்ர சீட் தாய்வான் பிறேமில அப்படியே போய் இருக்கும் எண்டு நினைச்சு காசைக் குடுத்திடாதேங்கோ.

எனக்கு நாலைஞ்சு விசயம் சொல்லுங்கோ. நடுப் பைப்பின்ர வெளி விட்டம் எவ்வளவு, வேர்னியர் அளவுகோல் கையில இல்லாட்டி நூலைச் சுத்தி அளந்து 3.14ஆல பிரியுங்கோ. சீட்டின்ர அடியில இருக்கிற கிளாம்ப்பில துளைக்குத் துளை எவ்வளவு தூரம். பின் தாங்கியின்ர நீளம், அது கூட்டிக் குறைக்கலாமோ. காலுக்கேத்த மாதிரிச் சரிசெய்யிறது சீட் நகருறதாலயோ, இல்லாட்டி பெடல் இருக்கிற முன் பைப் நீளுறதாலயோ. கடைசியா, சாய்வு எத்தினை பாகை, ஃபோன்ல லெவல் பார்க்கிற அப் இருக்கு, சைக்கிளைச் சமதரையில நிப்பாட்டி முதுகுப் பைப்பில ஃபோனை வையுங்கோ.

சாய்வுதான் எல்லாத்தையும் தீர்மானிக்கும். தரையில இருந்து 25, 30 பாகை எண்டு நல்லாப் படுத்திருந்தா நிறை முதுகு முழுக்கப் பரவும், ஷெல் நல்லா ஒத்துவரும். 50, 60 எண்டு நிமிர்ந்திருந்தா நிறை முழுக்கக் குண்டியிலதான், அதில வெறும் ஷெல்லும் மெல்லிய ஸ்பொன்ஜும் போட்டா அரை மணித்தியாலத்தில விறைச்சுப் போகும்.


வத்தளை_ஃபைபர்

மச்சான் நான் ஷெல் பக்கம். எங்கட பக்கம் நீர்கொழும்பு வரைக்கும் ஃபைபர் போட் செய்ற வேலைத்தளம் எவ்வளவோ இருக்கு, மீன் போட் செய்ற பாஸ்மாருக்கு ஒரு சீட் ஷெல் செய்றது பெரிய வேலையே இல்ல. வெளிநாட்டுக்கு ஓடர் போட்டுட்டு காத்திருக்கத் தேவையில்ல. நானும் அந்தத் தொழில்லதான் இருக்கேன், அதனால செய்ற முறைய சொல்றேன், வேற யாராவது தேடி வந்தாலும் உதவும்.

முதல்ல உங்கட முதுகோட வளைவு வேணும். மொத்தமான அலுமினியக் கம்பி ஒரு மீட்டர் எடுத்து, சாய்ஞ்சு படுத்திருக்கிற நிலையில வேற ஒருத்தர விட்டு முதுகெலும்பு ஓரமா கம்பிய அமத்தி வளைச்சு எடுங்க, நின்டுகொண்டு எடுத்தா வளைவு பிழையா வரும், இடுப்புக்கு மேல உள்ள குழி நிக்கிறப்ப கூட, சாய்ஞ்சா குறையும். அந்த வளைவ அப்படியே காட்போர்ட்ல வரைஞ்சு வெட்டினா பக்கப் பார்வை வந்துடும். பிறகு ரிஜிஃபோம் கட்டிகள ஒட்டி அந்த வளைவுல செதுக்கி அச்சு செய்யணும். இங்க ஒரு விசயம் கவனிக்கணும், போட்டுக்குப் பாவிக்கிற பொலியெஸ்டர் ரெசின் ரிஜிஃபோம கரைச்சுத் தின்னுடும். அதனால செதுக்கினதுக்கு மேல மெல்லிசா பிளாஸ்டர் பூசி காய விட்டு, அதுக்கு மேல பக்கிங் டேப் முழுசா ஒட்டி, மெழுகு தேய்ச்சுட்டுத்தான் ரெசின் வைக்கணும். இல்லன்னா எபொக்சி ரெசின் பாவிக்கணும், அது ரிஜிஃபோம ஒன்டும் செய்யாது, ஆனா விலை கூட.

450 கிராம் மெட் (சதுர மீட்டருக்கு 450 கிராம் நிறை உள்ள ஃபைபர்கிளாஸ் துணி) நாலு தட்டு, போல்ட் வார இடங்கள்ல இன்னும் ரெண்டு மூணு தட்டு கூட. ஓரத்த சும்மா வெட்டி விடாம ஒரு இஞ்சி வெளிப்பக்கமா மடிச்சு எடுங்க, அந்த மடிப்புதான் ஷெல்லுக்கு விறைப்பு குடுக்கும், மடிப்பில்லாத தட்டு எவ்வளவு தடிப்பா இருந்தாலும் ஆடும். 80 சென்டிமீட்டர் நீளம் 40 அகலம்னு வச்சுக்கிட்டா துணி மட்டும் 600 கிராமுக்கிட்ட வரும், ரெசினோட சேர்த்து ஒன்றே முக்கால் கிலோ. கார்பன் சீட் மாதிரி லேசா இருக்காது, ஆனா உடையாது. வெயில் நேரத்துல ஹார்ட்னர் கூடப் போட்டா கையில இருக்கிறப்பவே இறுகிடும், காலைலயே வேலைய முடிச்சுக்கணும்.

போல்ட்டுக்கு அடில பெரிய வாஷர், ஷெல்லுக்கும் பிரேமுக்கும் நடுவுல ரப்பர் துண்டு. ரப்பர் இல்லாம நேரா இறுக்கினா துளைய சுத்தி நட்சத்திரம் விட்ட மாதிரி வெடிக்கும்.


மரைன்டிரைவ்_காத்து

ரெண்டு அண்ணைமாருக்கும் நன்றி. ஓடுறதை நிப்பாட்டிட்டன். அளவுகள் இதுதான்: நடுப் பைப் 50 மில்லிமீற்றர், கிளாம்ப் துளைகள் 60 மில்லிமீற்றர் இடைவெளி, பின் தாங்கி ரெண்டும் ஒண்டுக்குள்ள ஒண்டு நகருற பைப், கூட்டிக் குறைக்கலாம். காலுக்கேத்த அளவு முன் பைப் நீளுறதாலதான், சீட் ஒரே இடத்திலதான் நிக்கும். சாய்வு இப்ப 42 பாகை காட்டுது, தாங்கியை ஆகக் கட்டையாக்கினா 35 மட்டும் போகும்.

ஷெல் கேக்க ஆசையாத்தான் இருக்கு, ஆனா எனக்கு ஒரு பயம் இருக்கு. வேலைக்குப் போற சைக்கிள், கோட்டைக்குப் போய்ச் சேரேக்க முதுகு நனைஞ்சு ஊறியிருக்கக் கூடாது. இப்ப இருக்கிற நெட்டிலயே சேட்டில நடுவில ஒரு ஈரக் கோடு விழுது. ஷெல்லில என்ன மாதிரி?


தெஹிவளை_லேத்

வத்தளைத் தம்பி சொன்ன முறையில குறை இல்லை, ரெசின் விசயம் நல்ல காலம் சொன்னது, கனபேர் அதிலதான் அச்சைக் கெடுக்கிறவை. ஆனா இவருக்கு ஷெல் வேண்டாம் எண்டுதான் நான் சொல்லுவன். ஷெல் ஐரோப்பாவில நல்லம், மலை ஏறேக்க வளையாது, மிதிக்கிற பலம் வீண் போகாது. கொழும்பில ஏத்தம் எங்க இருக்கு? இங்க எங்கட எதிரி ஈரப்பதன். விடிய ஆறு மணிக்கே காத்து ஈரமாத்தான் இருக்கும், வியர்வை காயாது. முதுகில ஒரு சதுர அடிக்கு மேல மூடி வைச்சா அதுக்குள்ள வேற காத்துப் போக வழியில்லை. மழைக்கு நிப்பாட்டினா ஷெல்லுக்குள்ள தண்ணி தேங்கும், ஸ்பொன்ஜ் உறிஞ்சினா அடுத்த நாள் மட்டும் காயாது, பிறகு பூஞ்சணம். 42 பாகையும் நிமிர்வும் இல்லை படுக்கையும் இல்லை, நெட்டுக்குச் சரியான சாய்வு.

அந்தப் பழைய அலுமினியப் பிறேமைத் திருப்பி வெல்ட் பண்ண வேண்டாம் எண்டதையும் இப்பவே சொல்லிப்போடுறன். இந்த மாதிரி வேலைக்குப் பாவிக்கிற அலுமினியம் சூடாக்கிப் பதப்படுத்தி எடுத்த பலம் உள்ளது, வெல்ட் பண்ணின உடனே அந்த இடத்தைச் சுத்தி அந்தப் பலம் போயிடும். திருப்பி அடுப்பில வைச்சுப் பதப்படுத்தினாத்தான் பழைய நிலைக்கு வரும், அது கராஜில நடக்கிற வேலை இல்லை. வெல்டிங் பாஸ் எவ்வளவு கெட்டிக்காரனா இருந்தாலும் புது வெடிப்பு வெல்டுக்குப் பக்கத்தில வரும். பேப்பர்ல பார்த்தா சின்ன வேலை, ரோட்டில பார்த்தா உயிர்.

அதுக்குப் பதிலா படிக்கட்டுக் கைபிடியும் கேட்டும் செய்யிற ஸ்டெய்ன்லெஸ் கடைகள் கொழும்பு முழுக்க இருக்கு, அவையட்ட 19 மில்லிமீற்றர் பைப், 1.2 தடிப்பு, 304 தரம் சாதாரணமாக் கிடக்கும், வளைக்கிற மெசினும் இருக்கும். அந்தப் பைப் மீற்றருக்கு அரைக்கிலோவுக்குக் கொஞ்சம் மேல. ரெண்டு பக்கப் பைப், மேல் வளைவு, குறுக்குப் பைப்புகள் எல்லாம் சேர்த்து மூண்டே கால் மீற்றர் போகும், அப்ப பிறேம் 1.7 கிலோ. அலுமினியத்தில இதில அரைவாசிதான் வரும். கிட்டத்தட்ட ஒரு கிலோ கூடப் போகுது, ஆனா சமதரையில அது தெரியாது, வெல்டும் நம்பலாம், மரைன் டிரைவ் உப்புக் காத்துக்கும் பெயின்ட் தேவையில்லை. மடங்கிச் சுருங்காமல் வளைக்க வேணுமெண்டா பைப்புக்குள்ள காய்ஞ்ச மணலை இறுக்கி நிரப்பி ரெண்டு பக்கமும் அடைச்சிட்டு வளைக்கச் சொல்லுங்கோ.

ஒண்டில கவனம். உங்கட நடுப் பைப் அலுமினியம் எண்டா ஸ்டெய்ன்லெஸ்ஸும் அலுமினியமும் நேரடியாத் தொடக் கூடாது, உப்புத் தண்ணி பட்டா அலுமினியம் வெள்ளைத் தூளாக் கரையும். நடுவில நைலோன் வாஷர், போல்ட் முழுக்க கிறீஸ்.


மாளிகாவத்தை_குஷன்

அஸ்ஸலாமு அலைக்கும், வணக்கம். எங்கட வாப்பா காலத்துலேந்து குஷன் வேலதான், த்ரீவீல் சீட், பஸ் சீட், ஹோட்டல் பூல் கதிர எல்லாம் செய்யிற. இந்த சைக்கிள நான் கண்டதில்ல, ஆனா போட்டோவ பாத்தா பூல் கதிரட அதே வேலதான், அதனால துணி விசயத்த நான் சொல்லுறன்.

பழைய துணிய கழட்டி வெளிச்சத்துல புடிச்சி பாருங்க தம்பி. ஓட்ட பெரிசாகி நூல் வழுக்கி ஈக்குதா, இல்ல துணி நல்லா ஈந்து தையல் மட்டும் விட்டிருக்கா? கன பேர் துணி போச்சி என்டு கொண்டு வருவாங்க, பாத்தா தையல்தான் போயிருக்கும். வெயில் மொதல்ல திங்கிறது நூலத்தான்.

புதுசா போடுற என்டா வேண்டியது பொலியெஸ்டர் நூலுக்கு மேல பீவீசி பூசின நெட், பூல் கதிரைக்கு போடுற அதே சாமான். நர்சரிக்கு போடுற பச்ச நெட் வாங்க வாணாம், மலிவுதான், ஆனா ஒரு மாசத்துல தொங்கிரும். ஸ்கூல் பேக் தைக்கிற நைலோன் துணியும் வாணாம், நைலோன் தண்ணி குடிச்சா இழுபடும், மழையில நனஞ்சா சீட் தொட்டில் ஆகிரும். தைக்கிற நூலும் பொலியெஸ்டர் தடிச்ச நூல்தான், பருத்தி நூல்ல தச்சா இந்த ஊர் மழைக்கு உக்கிரும்.

இப்ப முக்கியமான விசயம். ரெண்டு பக்கமும் பைப்புக்கு ஒற மாதிரி தச்சி போட்டா பாக்க வடிவா ஈக்கும், ஆனா தொஞ்சா திருப்பி இழுக்க ஏலாது, கழட்டி திருப்பி தைக்கணும். அதுக்கு பதிலா துணிய ரெண்டு பக்கமும் பைப்ப சுத்தி பின்னால மடிச்சி, ஓரத்துல பெல்ட் பட்டி வச்சி தச்சி, பின்பக்கமா குறுக்கால பட்டியும் பக்கிளும் போடுங்க. ஆறேழு பட்டி போட்டா ஒவ்வொண்டையும் தனித்தனிய இறுக்கலாம். நாரிக்கு நேரா வார பட்டிய நல்லா இறுக்கணும், அதுக்கு கீழ குத்தெலும்பு வார எடத்துல கொஞ்சம் தளர்த்தி உடணும், தோள் பக்கம் நடுத்தரம். நாரி வருத்தக்காரருக்கு இத மாதிரி வசதி ஷெல்லுல கெடைக்காது, அது ஒருக்கா எறுகினா எறுகினதுதான். பட்டிக்கு ஐலட் (ஓட்டைக்கு போடுற உலோக வளையம்) போட்டு கயிறு கோக்கவும் ஏலும், ஆனா பித்தள ஐலட் கடல் காத்துக்கு பச்ச புடிச்சி சேட்டெல்லாம் கறையாகும்.

முன் ஓரத்த பத்தி பைப் வளைக்கிற பாஸ்ட மொதல்லயே சொல்லுங்க. தொடைக்கு கீழ வார குறுக்கு பைப் துணிக்கு ரெண்டு இஞ்சி கீழ போகணும், நேரா போட்டா காலுக்கு போற ரத்தத்த அமத்தி வெறைக்கும்.


ரொட்டர்டாம்_கொழும்பான்

நான் பம்பலப்பிட்டியில வளர்ந்தனான், இப்ப நெதர்லாந்தில இருக்கிறன், இங்க ரோட்டில நெடுக ரிக்கம்பண்ட் காணலாம், நானும் ஓடுறன். எடுப்பிக்கிற கதையை நான் சொல்லுறன்.

முழு ஷெல் சீட்டைக் கூரியர்ல அனுப்புறது காசை எரிக்கிற வேலை. நிறை ஒண்டரைக் கிலோதான், ஆனா கூரியர்காரர் நிறையை மட்டும் பார்க்கிறேல்லை, பெட்டியின்ர நீளம் அகலம் உயரத்தைச் சென்ரிமீற்றரில பெருக்கி 5000ஆல பிரிச்சு எது கூடவோ அதுக்குத்தான் காசெடுப்பினம். 80க்கு 40க்கு 30 பெட்டி எண்டா 19 கிலோவுக்கு மேல காட்டும். அதோட இலங்கையில சுங்கம் பார்க்கிறது சாமான் விலையை மட்டும் இல்லை, அனுப்புற கூலியும் காப்புறுதியும் சேர்த்த பெறுமதியை. கூலி ஏறினா வரியும் ஏறும், அதுக்கு மேல 18 வீதம் வற் வேற. சீட்டின்ர விலையை விட வீட்டை வந்து சேருற செலவு கூடிப்போகும்.

வேணுமெண்டா ஊருக்கு வாற ஆரிட்டயும் குடுத்தனுப்பலாம். கனக்க விமானக் கொம்பனிகள் செக்கின் பெட்டிக்கு நீளம் அகலம் உயரம் மூண்டையும் கூட்டி 158 சென்ரிமீற்றர் எண்டுதான் எல்லை வைச்சிருக்கினம், மேல சொன்ன பெட்டி 150தான் வரும். ஷெல்லின்ர குழிக்குள்ள உடுப்பை அடைச்சுக் கொண்டு வரலாம், இடம் வீண் போகாது. நெட் சீட் பிறேம் அப்படி அடங்காது, மேல் வளைவும் இருக்கை வளைவும் சேர்த்துப் பெட்டி பெருத்திடும். ஆனா நெட் சீட்டின்ர துணி மட்டும் தனியா விக்கினம், மடிச்சா ஒரு சேட் அளவுதான், சாதாரண தபாலிலயே வரும். பிரச்சினை என்னெண்டா அந்தந்தக் கொம்பனிப் பிறேமுக்குத்தான் அது அளவு, உங்கட மொடல் தெரியாமல் வாங்கேலாது.

ஷெல் விசயத்தில தெஹிவளை அண்ணை சொன்னதுக்கு ஒரு சின்ன மறுப்பு. இங்க ஷெல் ஓடுற ஆக்கள் வெறும் ஸ்பொன்ஜ் போடுறேல்லை, வென்ரிசிற் எண்டு ஒரு நெதர்லாந்து மெத்தை இருக்கு, தடிச்ச பிளாஸ்ரிக் இழையைப் பின்னின மாதிரி, விரல் தடிப்பு இருக்கும், தண்ணி ஊத்தினா அப்படியே கீழ போயிடும், நடுவில காத்தும் ஓடும். அது போட்டா ஷெல்லும் வெக்கை நாளில தாங்கக்கூடியதுதான். ஆனா ஓகஸ்ட் மாசம் ஊருக்கு வந்து நிண்ட எனக்குக் கொழும்பு வெக்கையும் தெரியும், அங்க நான் ஓடுறதெண்டா நெட்தான் எடுப்பன்.


வத்தளை_ஃபைபர்

சரி வெக்கை விசயத்த ஒத்துக்கிறேன், வேலைக்குப் போற சைக்கிளுக்கு நெட்தான் சரி. ஆனா ஷெல் எடுக்க விரும்புறவங்களுக்கு அந்த வெளிநாட்டு மெத்தை இல்லன்னா இங்கயே ஒரு வழி இருக்கு. தும்புல ரப்பர் பால் தெளிச்சு அமத்தின தட்டு, மெத்தை செய்ற கடைகள்ல வெட்டித் தருவாங்க, நம்ம ஊர்லயே செய்ற சாமான். ஒரு இஞ்சி தடிப்பு எடுத்தா நடுவுல காத்துப் போகும், தண்ணி நிக்காது. வெயில் நேரா பட்டா ரப்பர் பொடியாகும், அதனால மேல நெட் உறை ஒன்டு போடணும். மோட்டர்சைக்கிள் சீட்டுக்கு விக்கிற தேன்கூட்டு நெட் கவர் பஞ்சிகாவத்தைல எல்லாக் கடையிலயும் தொங்குது, அத வெட்டித் தைச்சா போதும்.

காத்து தம்பி, அந்தத் தேன்கூட்டு நெட்ட உங்கட நெட் சீட்டுக்கு மேலயும் ஒரு தட்டு போடலாம். துணிக்கும் சேட்டுக்கும் நடுவுல கொஞ்சம் இடைவெளி வந்தாலே அந்த ஈரக் கோடு குறைஞ்சுடும்.


மரைன்டிரைவ்_காத்து

எல்லாரும் சொன்னதை வாசிச்சு ஒரு முடிவுக்கு வந்திட்டன். நெட் சீட்தான், ஸ்டெய்ன்லெஸ் பிறேம், பின்னால பட்டி போட்டு இறுக்குற துணி. பழைய பிறேமை எறியேல்லை, அதை அச்சா வைச்சு அளவெடுக்கலாம் எண்டு நினைக்கிறன். ரெண்டு சந்தேகம் மட்டும் கிடக்கு.

ஒண்டு, பழைய சீட் என்ர இடுப்புக்குக் கொஞ்சம் ஒடுக்கம், பக்கப் பைப் ரெண்டும் இடுப்பெலும்பில இடிக்கிறது. புதுசில எவ்வளவு அகலம் கூட்டலாம்? மற்றது, மேல் விளிம்பு எவ்வளவு உயரத்தில நிக்கோணும்? இப்ப இருக்கிறதில ஹெல்மெட்டின்ர பின்பக்கம் சீட்டில முட்டித் தலை முன்னுக்குத் தள்ளுப்படுது, அதால கழுத்தும் பிடிக்குது.


தெஹிவளை_லேத்

நல்ல முடிவு தம்பி. அகலத்துக்கு இப்படிச் செய்யுங்கோ: வெறுந்தரையில காலை நீட்டிச் சுவரோட சாய்ஞ்சிருந்து, இடுப்புக்கு ரெண்டு பக்கமும் ரெண்டு புத்தகத்தை நிமித்தி வைச்சு ஒட்டித் தள்ளச் சொல்லுங்கோ, புத்தகத்துக்கு இடையில வாற அளவுதான் உங்கட இடுப்பு. பைப்பின்ர உள் இடைவெளி அதை விட ஆகக் குறைஞ்சது 4 சென்ரிமீற்றர் கூட இருக்கோணும், ஏனெண்டா நெட்டில இருந்தா கீழ பதிவீங்கள், பதியேக்கப் பைப் மேல எழும்பின மாதிரி வந்து இடுப்பைத் தேடி வரும். அளவுக்கு மிஞ்சி அகலமாக்கவும் வேண்டாம், நடு தொய்ஞ்சு திருப்பி அதே நாரிப் பிரச்சினை. தோள் பக்கம் ஒடுக்கமா இருக்கட்டும், கை பின்னுக்குப் போக இடம் வேணும்.

உயரம் அதே சுவரிலயே பார்க்கலாம், தரையில இருந்து தோள்மூட்டின்ர மேல் பக்கம் வரைக்கும் அளந்து, அதில இருந்து 5 சென்ரிமீற்றர் குறைச்சு விடுங்கோ, ஹெல்மெட் முட்டாது. 42 பாகையில கழுத்துக்குத் தாங்கல் கட்டாயம் இல்லை, 30க்குக் கீழ போனாத்தான் தேவைப்படும்.

குறுக்குப் பைப் போடேக்க முதுகுப் பக்கம் நேராப் போடாமல் பின்னுக்கு வில்லா வளைச்சுப் போடுங்கோ, நெட்டில இருந்து மூண்டு இஞ்சி தள்ளி நிக்கட்டும். உங்கட பழையதில நாரியில முட்டினது அது நேராப் போட்டதாலதான், துணி எவ்வளவு புதுசா இருந்தாலும் கொஞ்சம் தொய்யத்தான் செய்யும்.

தாங்கி பூட்டுற காதை ஒற்றைத் தகடா வெல்ட் பண்ண விடாதேங்கோ. பைப்பைச் சுத்தி அரைவட்டமாப் பிடிக்கிற தகடா வெட்டி, அதின்ர மேல் காதை வைச்சா, பலம் ஒரு புள்ளியில விழாமல் பரவும். பழைய பிறேம் வெடிச்ச இடத்தைப் பார்த்தா உங்களுக்கே விளங்கும், தகட்டு முனை முடியிற இடத்திலதான் வெடிப்புத் தொடங்கியிருக்கும்.


மரைன்டிரைவ்_காத்து

பார்த்தன் அண்ணை, அதே இடம்தான், தகட்டின்ர முனையில இருந்துதான் ஓடியிருக்கு.

ஒரு கிழமை கழிச்சு எழுதுறன். பிறேம் வந்திட்டுது, ஒரு கைபிடி செய்யிற கடையில பிடிச்சன், அந்த பாஸுக்குச் சைக்கிளைக் கொண்டே காட்டினாப் பிறகு அவருக்கும் ஆர்வம் வந்திட்டுது, தானே இருந்து பார்த்து வளைவு கூடக் குறைய இருக்கிறதைச் சொன்னார். மணல் நிரப்பித்தான் வளைச்சவர், ஒரு மடிப்பும் இல்லை. தராசில வைச்சா 1.8 கிலோ. காதுத் தகடு அரைவட்டமாப் போட்டாச்சு. துணி பூல் கதிரை நெட், கறுப்பு, குஷன் நானா சொன்ன மாதிரி பின்னால ஏழு பட்டி.

முதல் நாள் நாரிப் பட்டியை நல்லா இறுக்கிட்டு ஓடினன், தெஹிவளை வரேக்குள்ள அந்த இடம் தள்ளுற மாதிரி இருந்துது, நிப்பாட்டி ஒரு விரல் அளவு தளர்த்தினன், பிறகு சீட் இருக்கிறதே தெரியேல்ல. குத்தெலும்பிலயும் நோவில்லை. சத்தமும் இல்லை. தேன்கூட்டு நெட் இன்னும் போடேல்ல, ஈரக் கோடு கொஞ்சம் விழத்தான் செய்யுது, இந்தக் கிழமை பஞ்சிகாவத்தைப் பக்கம் போகேக்க வாங்குவன்.

நானா, பட்டி எவ்வளவு காலத்துக்கு ஒருக்கா இறுக்கிப் பார்க்கோணும்?


மாளிகாவத்தை_குஷன்

மாஷா அல்லாஹ், போட்டோ பாத்தன், தையல் நேரா ஈக்குது. புது துணி மொதல் ரெண்டு மூணு கெழம இழுபடும், அது வரைக்கும் ஞாயித்துக்கெழமைல ஒருக்கா எல்லா பட்டியையும் ஒரு சுத்து இறுக்குங்க, அதுக்கு பொறகு மாசத்துல ஒருக்கா போதும். பட்டிட மிச்ச வாலை வெட்ட வாணாம், பின் சில்லுல மாட்டாத மாதிரி மடிச்சி ஒரு ரப்பர் வளையத்துக்குள்ள செருகுங்க. கடலோரம் ஓடுற துணிய நல்ல தண்ணியில கழுவுங்க, உப்பு காஞ்சா பக்கிள்ட பல்லுக்குள்ள மணல் மாதிரி நின்டு பட்டிய அறுக்கும்.

ஏழு பட்டியில நாரிக்கு நேரா வார ரெண்டுதான் மொதல்ல தேயும். அதே பட்டியில ரெண்டு முழம் மிச்சம் வாங்கி வீட்டுல வைங்க.